ஏழு படமும் ஒரு வாளி தண்ணீரும்

விழாவுக்கு இன்னும் ஐந்து மணி நேரம், இருபது நிமிடம்.

ராயபுரம் போலீஸ் நிலையத்தில் டெலிபோன் அலறியது.

கான்ஸ்டபிள் இன்னாசி சோற்றுக் கையை ஒரு பழந்துணியில் துடைத்துக்கொண்டு இடது கையால் எடுத்தார்.

"போச்சு! ஏழு பேரும் போயிட்டாங்க!" மறுமுனையில் ஒரு ஆண் குரல் விம்மியது. "கரிக்கட்டை ஆயிட்டாங்க!"

"யாரு சார் நீங்க? எங்கேந்து பேசறீங்க?"

"நவரச சினிமா வித்தியாசாலை... பிரின்ஸிபால் தேவப்பிரியம்... ஐயோ, என் ஏழு குழந்தைகள்!"

லைன் அறுந்தது.

இன்னாசி இன்ஸ்பெக்டர் அறைக்குள் ஓடினார். ஏழு உயிர்! இன்ஸ்பெக்டர் தவசிமுத்து தொப்பியை மாட்டிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். தீயணைப்பு வண்டிக்குச் சொன்னார். ஜீப் பறந்தது.

கூட்ஸ் யார்டுக்குப் பின்னால் ஒரு பழைய உப்புக் கிடங்கு. வாசலில் வாழைமரம், மாவிலைத் தோரணம், பெரிய போர்டு.

'நவரச சினிமா வித்தியாசாலை. முதல் ஆண்டு மாணவ டைரக்டர்களின் ஏழு சிறு படங்கள். இன்று மாலை ஆறு மணி. அனைவரும் வருக.'

சுருள் முடியும் பட்டுக் கழுத்துக்குட்டையுமாக ஒருவர் ஓடி வந்தார். தேவப்பிரியம்.

"பாடி எங்கே?" என்றார் தவசிமுத்து.

"அதோ!"

கிடங்கின் மூலையில் கறுத்துப்போன ஒரு இரும்புப் பெட்டி.

"ஏழு பேரும் இந்தப் பெட்டிக்குள்ளயா?!"

தவசிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியைத் தூக்கினார்.

ஏழு தகர டப்பாக்கள். உள்ளே ஈரச் சாம்பல்.

"இது என்னய்யா?"

"படங்கள் சார்! என் மாணவர்களின் கன்னிப் படைப்புகள்! எட்டு மாத உழைப்பு! ஒவ்வொன்றும் எனக்குக் குழந்தை!"

தவசிமுத்து மூடியைத் திரும்பவும் மூடினார்.

பிறகு மெல்லச் சொன்னார். "இன்னாசி, ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பும்."

"இன்னா நைனா நீ!" இன்னாசி பொறுக்கமாட்டாமல் பாய்ந்தார். "படம் பூட்ச்சுன்னு சொல்ல மாட்டியா? அயில மீன் கொழம்ப பாதில வுட்டுட்டு வந்துகீறேன்!"

"கலை உமக்குப் புரியாது" என்றார் தேவப்பிரியம்.

"மீனு புரியும். அது போதும்!"

ஆனால் தீ வைத்தது குற்றம்தான். தவசிமுத்து ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"மொதல்லேர்ந்து சொல்லும்."

தேவப்பிரியம் சொன்னார். ஏழு மாணவர்கள். ஆளுக்கு ஒரு பத்து நிமிடப் படம். இன்று தலைமை விருந்தினர் சௌக்கத் அலி முதலாளி. தோல் வியாபாரத்தில் ஜெயித்து, இப்போது சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருப்பவர். ஏழு படங்களையும் பார்த்துவிட்டு ஒருவரைத் தன் ஸ்டூடியோவில் சேர்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

"மத்தியானம் புகை வந்தது. ஓடினேன். இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி நானே அணைத்தேன்."

"பெட்டிச் சாவி?"

"ஒன்று என்னிடம். இன்னொன்று..." தேவப்பிரியம் கையை நீட்டிக் காட்டினார். "அவனிடம்!"

சுவரோரம் ஒரு இளைஞன் நின்றிருந்தான். மெலிந்த உடம்பு. வலது உள்ளங்கையில் புதுக் கொப்புளம்.

தமீம். வண்ணாரப்பேட்டைப் பையன், ஏழு மாணவர்களில் ஒருவன். ஏழு படத்துக்கும் கேமரா சுற்றியவன் அவன்தான்.

"கையில என்ன காயம்டே?"

"மூடியத் தொறக்கப் பாத்தேன் சார். சுட்டுட்ச்சு."

"தீ வெக்கிறப்ப சுட்டதா, அணைக்கிறப்ப சுட்டதா?"

தமீம் தரையைப் பார்த்தான்.

"பொறாமை சார்!" தேவப்பிரியம் குதித்தார். "ஏழு படத்தில் இவன் படம்தான் மட்டம். யாருக்கும் வேலை கிடைக்கக் கூடாது என்று கொளுத்திவிட்டான்!"

"அவன் அப்படி செய்ய மாட்டான்."

ஒரு பெண் குரல். எல்லாரும் திரும்பினார்கள்.

ரோஸ்மேரி. வித்தியாசாலையின் ஒரே மாணவி. அதனால் ஆறு படங்களில் அவளே கதாநாயகி. ஏழாவது படத்தை அவளே டைரக்ட் செய்து அவளே நடித்திருந்தாள். பகலில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. இன்றைக்கு லீவு போட்டுவிட்டு, தலையில் கனகாம்பரத்தோடு வந்திருந்தாள்.

"எப்படிம்மா சொல்றே?"

"பயந்தாங்கொள்ளி சார். எங்கிட்ட டைம் கேக்கவே ரெண்டு வாரம் ஆச்சு."

தமீமின் காது சிவந்தது.

தவசிமுத்து தொண்டையைச் செருமினார். "சரி. இந்தப் படங்களை யாராச்சும் பார்த்திருக்கீங்களா?"

மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டைரக்டர் தன் படத்தை விழாவுக்கு முன்னால் பார்க்கக் கூடாது" என்றார் தேவப்பிரியம். "ராசி இல்லை. சினிமா உலகில் இது பெரிய சென்டிமென்ட். ஃபிலிமைக்கூட நான் மட்டும்தான் என் கையால் கேமராவில் மாட்டுவேன். ராசியான கை."

"அப்போ யாருமே பார்க்கல?"

"நான் பார்த்தேன்!"

மூலை நாற்காலியில் இருந்து பெரிய மீசை ஒன்று எழுந்தது. மடியில் இலையோடு வடை.

"நீங்க?"

"புஷ்பவல்லி."

இன்னாசி மீசையைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "இன்னாது?!"

"புனைபெயர்! 'வெள்ளித் தீபம்' வாரப் பத்திரிகையின் விமர்சகன் நான். ஏழு படங்களையும் தனியாகப் பார்த்தேன். இன்று காலை இதழில் எழுதியிருக்கிறேன்." பக்கத்தைப் பிரித்து உரக்கப் படித்தார். "'செல்வி ரோஸ்மேரியின் கண்கள் பேசுகின்றன. கண்ணீர்க் காட்சியில் அவர் முகம் திரையை நிறைக்கிறது. நம் நெஞ்சையும் நிறைக்கிறது.'"

ரோஸ்மேரியின் முகம் மலர்ந்தது.

தமீம் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"நானும் என் படத்தக் கொஞ்சம் பாத்தேன் அண்ணாச்சி" என்றான் தங்கப்பாண்டி. கொத்தவால்சாவடி மொத்த வியாபாரி மகன். "புயல் சீன். பிச்சு ஒதறிருக்கேன்."

"நானும் பாத்தேன்" என்றான் இன்னொருவன்.

"நானுந்தான்!"

ஒரு நிமிடத்தில் எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

ரோஸ்மேரியும் தமீமும் மட்டும் வாய் திறக்கவில்லை.

தவசிமுத்து எழுந்தார். பெட்டியிலிருந்து ஒரு சாம்பல் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மெல்லக் கீழே வைத்தார். வாடகைப் புரொஜக்டரோடு வந்திருந்த ஆபரேட்டரைக் கூப்பிட்டார்.

"பழைய ஃபிலிம் ஏதாச்சும் வெச்சிருக்கியாப்பா? அறுந்தது, கிழிஞ்சது?"

"இருக்கு சார்."

"இறுக்கமா ஒரு சுருள் சுத்திக் குடு. இன்னாசி, ஒரு வாளி தண்ணி."

வாளி வந்தது. கிடங்கு வாசலில் வைத்தார்கள்.

தவசிமுத்து சுருளைக் கம்பியில் கோத்து, தீக்குச்சியைக் கிழித்தார்.

ஃபுஸ்ஸ்ஸ்!

பற்றிக்கொண்டது. அப்படியே தண்ணீருக்குள் அமுக்கினார்.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

அணையவில்லை!

தண்ணீருக்கு அடியில், குமிழி குமிழியாகக் கொப்பளித்துக்கொண்டு, எரிந்துகொண்டே இருந்தது. மஞ்சள் புகை நுரைத்துக்கொண்டு மேலே வந்தது.

"அடேங்கப்பா!" இன்னாசி பின்வாங்கினார். "பேஜாரு புட்ச்ச சரக்கா கீதே!"

"யுத்த காலத்துல எனக்குத் துறைமுகத்துல டியூட்டி" என்றார் தவசிமுத்து. "ஒரு ஃபிலிம் பார்சல் பத்திக்கிச்சு. தீயணைப்பு வண்டி தண்ணி தீர்ந்துச்சு. ஃபிலிம் தீரல. இது எரியக் காத்து வேண்டாம். அதுக்குள்ளயே இருக்கு. தண்ணி ஊத்தினா அணையாது." அவர் திரும்பினார். "நீரு ரெண்டு வாளியில அணைச்சீரு."

தேவப்பிரியம் கழுத்துக்குட்டையைத் தளர்த்தினார்.

"பெட்டியில எரிஞ்சது ஃபிலிம் இல்ல. காகிதம். சாம்பல்ல எழுத்துகூடத் தெரியுது. புஷ்பவல்லி சார், உம்ம பத்திரிகைதான். போன வார இதழ்."

"அதற்கு இவ்வளவு சூடா?!" என்றார் புஷ்பவல்லி, கொஞ்சம் பெருமையாக.

தேவப்பிரியம் ஒரே ஒரு விநாடிதான் தடுமாறினார்.

"அப்படியானால்... திருட்டு!" என்று கத்தினார். "படங்களை எடுத்துக்கொண்டு காகிதத்தை வைத்துக் கொளுத்தியிருக்கிறான்! இன்னொரு சாவி அவனிடம்தானே இருக்கிறது!"

தவசிமுத்து இதை எதிர்பார்க்கவில்லை. தீ வைப்பிலிருந்து பையனைத் தப்பவைத்த வாளி, அவனைத் திருட்டில் தள்ளிவிட்டது!

அடுத்த அடியைத் தங்கப்பாண்டி கொடுத்தான்.

"அண்ணாச்சி... நேத்து சாயங்காலம் இவன் சைக்கிள் கேரியர்ல ஒரு ஃபிலிம் டப்பா இருந்துச்சு. நான் கேட்டேன். லுங்கியப் போட்டு மூடிட்டான்."

"தமீம்?"

தமீம் வாசலில் நின்ற தன் சைக்கிளைப் பார்த்தான்.

இன்னாசி வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு தகர டப்பா.

அதன் மேல் பென்சிலால் ஒரே ஒரு பெயர்.

ரோஸ்மேரி.

"என் படம்!" அவள் டப்பாவைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "எரியல! என் படம் எரியல!"

"அதில் எப்படிப் படம் இருக்க முடியும்?!" என்றார் தேவப்பிரியம்.

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

தவசிமுத்துவின் புருவம் உயர்ந்தது. "ஏன் இருக்க முடியாது?"

"இல்லை... எரிந்து... அதாவது, வெற்று டப்பாவாக இருக்கும் என்று..."

"மத்த ஆறு படம் எங்கடே?" தவசிமுத்து தமீமின் தோளைப் பிடித்தார். "இந்த ஒண்ணு உங்கிட்ட எப்படி வந்துச்சு? நீ வாயத் தொறக்கலேன்னா இப்பவே லாக்கப்பு. நாளைக்குக் கோர்ட்டு. ரெண்டு வருஷம் உள்ள இருப்ப. அப்புறம் கேமரா இல்ல, டார்ச் லைட்டுகூட எவனும் உன் கையில குடுக்க மாட்டான்."

"சார்..." தமீம் நிமிர்ந்து பார்த்தான். "நான்தான் சார் திருடினேன்."

"என்னது?!"

"ஏழையும் நான்தான் திருடினேன். தீயும் நான்தான் வெச்சேன். எங்க கையெழுத்து போடணும் சொல்லுங்க, போடறேன். இந்தப் படத்த மட்டும் ஸ்கிரீன்ல போடாதீங்க."

"தமீம்!" ரோஸ்மேரி வெறித்தாள். "உனக்கு இன்னா பைத்தியமா?"

"போடாதீங்க சார். உங்க கால்ல வேணா வுழறேன்."

தவசிமுத்து அவனையே பார்த்தார். இருபது வருட உத்தியோகத்தில் ஜெயிலுக்குப் பயந்து பொய் சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறார். பத்து நிமிடப் படத்துக்குப் பயந்து ஜெயிலுக்குப் போக நிற்பவனை இப்போதுதான் பார்க்கிறார்.

"இன்னாசி."

"சார்?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு விழா நடக்கும். இந்தப் படம் ஓடும். அதுவரைக்கும் இங்கேயிருந்து ஒருத்தரும் வெளிய போகக் கூடாது."

மாலை ஆறு.

கிடங்கு நிரம்பி வழிந்தது. பெற்றோர்கள், கப்பல் கூலிகள், ரயில்வே குமாஸ்தாக்கள். முன் வரிசையில் சௌக்கத் அலி முதலாளி. மேலெல்லாம் அத்தர் மணம். அவருக்கு ஒரு பக்கம் புஷ்பவல்லி, மறுபக்கம் தேவப்பிரியம்.

பின்னால் இன்னாசிக்கும் தவசிமுத்துவுக்கும் நடுவில் தமீம். தலை முட்டியில் புதைந்திருந்தது.

"ஒரே படம்தானா?" என்றார் சௌக்கத் அலி. "ஏழுன்னு போட்டிருந்தீங்களே?"

"மற்ற ஆறும் காவியங்கள்" என்றார் தேவப்பிரியம். அவர் முகத்தில் தெம்பு திரும்பியிருந்தது. ஓடப்போவது வெறும் வெள்ளை வெளிச்சம்தான் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

விளக்குகள் அணைந்தன.

புரொஜக்டர் கடகடத்தது. வெள்ளை... கீறல்... கறுப்பு... பிறகு ஒரு அட்டை.

'கரை. டைரக்ஷன்: ரோஸ்மேரி.'

கைதட்டல். ரோஸ்மேரி தன் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டாள்.

காசிமேட்டுக் கடற்கரை வந்தது. படகுகள். வலைகள். தெள்ளத் தெளிவாக இருந்தது!

தேவப்பிரியத்தின் தெம்பு போயிற்று.

இப்போது கதாநாயகி வர வேண்டும். கருவாட்டுக் கூடை மேல் உட்கார்ந்து, கடலுக்குப் போன கணவனுக்காக அழ வேண்டும்.

திரையின் இடது ஓரத்தில் ஒரு முழங்கை வந்தது.

அவ்வளவுதான். முழங்கை மட்டும்.

திரையின் நட்டநடுவில், பட்டுக் கழுத்துக்குட்டையோடு, ஒருவர் நின்றிருந்தார்.

"யோவ், அது நம்ம பிரின்ஸிபாலு!" என்றது ஒரு குரல்.

திரையில் தேவப்பிரியம் ஒரு சாக்கைத் திறந்தார். ஒரு தகர டப்பாவை எடுத்தார். சீல் உடையாத புது ஃபிலிம் டப்பா! அதை ஒரு வெள்ளைக் கோட்டுக்காரரிடம் கொடுத்தார். இன்னொன்று. இன்னொன்று. வெள்ளைக் கோட்டு ஒரு பொட்டலத்தை நீட்டியது.

காட்சி மாறியது. கண்ணீர்க் காட்சி. க்ளோசப்!

ஒரு காது. அதன் பக்கத்தில், திரையை நிறைத்துக்கொண்டு, தேவப்பிரியத்தின் சிரிப்பு.

 கிடங்கு வெடித்தது! சிரிப்பு, விசில், பெஞ்சைத் தட்டும் சத்தம்!

"பேசும் கண்கள் எங்கே ஐயா?" என்று சௌக்கத் அலி புஷ்பவல்லியைக் கேட்டார்.

"நான் பார்த்தது... வேறு பிரிண்ட்!"

தேவப்பிரியம் எழுந்தார். குனிந்து ஓடினார். புரொஜக்டர் வெளிச்சத்தின் குறுக்கே ஓடியதால் திரையில் இரண்டு தேவப்பிரியங்கள் தெரிந்தார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார்.

வாசலில் இன்னாசி கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"எங்க நைனா போற? படம் இன்னும் முடியலியே!"

க்ளிக்! விலங்கு.

விளக்குகள் எரிந்தன. தவசிமுத்து மேடை ஏறினார்.

"வெளிநாட்டு ஃபிலிமுக்கு இன்னிக்கு எவ்வளவு தட்டுப்பாடுன்னு எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடம்னு சொல்லி பர்மிட் வாங்கி, வந்த ஃபிலிம் அம்புட்டையும் கறுப்புல வித்திருக்காரு. எட்டு மாசமா உங்க கேமராவுல ஓடினது காத்துதான். விழா வந்துச்சு. காட்ட ஒண்ணுமில்ல. அதான் தீ!"

"அப்போ என் புயல் சீன்?!" என்று அலறினான் தங்கப்பாண்டி.

"நீதான் பாத்தியேப்பா!"

தங்கப்பாண்டி உட்கார்ந்துவிட்டான்.

"கேமரா காலின்னு எப்படிக் கண்டுபிடிச்சே?" தவசிமுத்து தமீமிடம் கேட்டார்.

"ஒரு நாளு தூக்கறப்ப வெயிட்டே இல்ல சார். தொறந்து பாத்தேன்." அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "சொன்னா எல்லாரும் அழுவாங்கன்னு சொல்லல. ரோஸ்மேரி படத்துக்கு மட்டும்... ஸ்டூடியோவுல மிச்சம் வுழற துண்டு ஃபிலிம ஒரு தோஸ்து குடுத்தான். பிரின்ஸிபாலுக்குத் தெரியாம மாட்டினேன். நேத்துதான் லேபுல கழுவிக் குடுத்தாங்க."

"பலே!" சௌக்கத் அலி எழுந்து வந்து அவன் முதுகில் அறைந்தார். "என்னா மூளை தம்பி உனக்கு! கேமரா காலின்னு நெனச்சு அந்த ஆளு பயமில்லாம பக்கத்துலயே நின்னு யாவாரம் பண்றான். நீ கதாநாயகியை எடுக்கிற மாதிரி பாவ்லா காட்டி, திருடனைக் குறி வெச்சிருக்கே! இந்த மாதிரி ஆளுதான் எனக்கு வேணும். நாளைக்கு ஸ்டூடியோவுக்கு வா. கேமராமேன் வேலை உனக்கு!"

கிடங்கு முழுக்கக் கைதட்டியது.

ஒரு ஆள் தவிர.

"பாவ்லாவா?" ரோஸ்மேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் எதிரில் வந்து நின்றாள். கனகாம்பரம் நழுவித் தோளில் தொங்கியது. "ரெண்டு மணி நேரம் கருவாட்டுக் கூடை மேல உக்காந்து அழுதேன். கிளிசரின்கூட இல்ல. செத்துப்போன எங்கப்பாவ நெனச்சு அழுதேன். நீ அவர எடுக்க நான் ஒரு மறைப்பா? ஒரு தட்டியா?"

தமீம் சௌக்கத் அலியைப் பார்த்தான்.

ஸ்டூடியோ. நிஜக் கேமரா. அதற்குள் நிஜ ஃபிலிம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்!

ரோஸ்மேரியைப் பார்த்தான்.

"சொல்லு" என்றாள் அவள். "அதுக்குத்தான் படத்தப் போடாதேன்னு கால்ல வுழுந்தியா? நீ என்ன எடுக்கவே இல்லேன்னு எனக்குத் தெரிஞ்சிடும்னா?"

"அதுக்குத்தான்."

அவள் திரும்பினாள். இரண்டு எட்டு வைத்தாள்.

"ஆனா நான் எடுத்தேன்!" தமீம் கத்தினான். அவன் கத்தி யாரும் அதுவரை கேட்டதில்லை. "உன்னத்தான் எடுத்தேன் ரோஸ்மேரி! மொத்த ஃபிலிமும் உன்னத்தான்! கேமரா பக்கத்துல ஒரு கண்ணாடி கீது இல்ல, நாங்க பாக்கறது... அதுல நீதான் நட்டநடுவுல இருந்த. வேற யாரும் இல்ல. நேத்து ஃபிலிம வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கற வரைக்கும் அவரு அங்க நின்னதே எனக்குத் தெரியாது!"

"பின்ன...?"

"அந்தக் கண்ணாடி கோணலா கீது! லென்சு ஒரு பக்கம் பாக்குது, அது ஒரு பக்கம் பாக்குது. ஒரே ஒரு தடவ ஃபிலிம் போட்டு எடுத்துப் பாத்திருந்தா மொத நாளே தெரிஞ்சிருக்கும். எட்டு மாசம் காத்தத்தானே எடுத்தேன்!" அவன் மூச்சு வாங்கியது. சௌக்கத் அலி பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். "நான் யாரையும் குறி வெக்கல முதலாளி. எனக்குப் படம் எடுக்கத் தெரியாது!"

சௌக்கத் அலியின் கை அவன் முதுகிலிருந்து மெல்ல இறங்கியது.

ரோஸ்மேரி நின்றுவிட்டாள். திரும்பவில்லை. ஆனால் அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று பின்னாலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

வாசலில் இன்னாசி, விலங்கைப் பிடித்துத் தேவப்பிரியத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"கேட்டுக்கினியா நைனா? அந்தப் புள்ளைக்கு நீ ஒயுங்கா பாடம் சொல்லிக் குடுத்திருந்தின்னா, இந்நேரம் நீ வூட்டுக்குப் போயிருப்ப!"